சீசரில் போகிற ரத்தமும் நாம் கொண்டுபோகிற ரத்தமும்

எங்கள் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே இரண்டு கேள்வி கேட்பார்கள். "என்னா புள்ள?" அடுத்தது, "சொகப் பிரசவமா, சீசரா?" சீசர், அதாவது வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த ஒப்பரேஷன் என்றால் உச்சுக்கொட்டிவிட்டு, தையல் ஆறிவிட்டதா, முதுகில் போட்ட ஊசி இழுக்கிறதா என்று விசாரிப்பார்கள். எவ்வளவு ரத்தம் போனது என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பதில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது தந்த என் டயக்னோசிஸ் கார்டில் இருந்தது, டொக்டர்மாரின் கிறுக்கல் ஆங்கிலத்தில்: 1,400 மில்லிலீற்றர். அது கூடவா குறைவா என்று சொல்லித்தர அன்றைக்கு யாரும் இல்லை.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சீசர். முதலாவது என்னைப் படுக்கவைத்துவிட்டது. இரண்டாவதில் தையல் வலியைத் தவிர சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் மிட்வைஃபிடமும் கிளினிக் டொக்டரிடமும் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மாதமாக இருக்கிற பிள்ளைகள் வந்து கேட்கும்போதெல்லாம் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொன்று சொல்ல விட்டுப்போகிறது. நான் வைத்தியர் இல்லை. எந்த ஊசி, எவ்வளவு என்பதெல்லாம் அவர்கள் பாடு. எதைக் கவனிப்பது, எப்போது வாய் திறப்பது என்பது நம் பாடு.

முதல் பிரசவத்தில் வலி நீண்டுகொண்டே போனது. ஒரு பகலும் ஓர் இரவும் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை, பிள்ளையின் இதயத்துடிப்பு விழ ஆரம்பித்ததும் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. பிள்ளையின் அழுகையைக் கேட்டேன். அதற்குப் பிறகும் உறிஞ்சுகிற மெஷினின் சத்தம் நிற்கவில்லை. தலைமாட்டில் நின்ற டொக்டர் இன்னொரு ஊசி கேட்டார், யாரோ என் வயிற்றைப் பலமாக அழுத்தினார்கள். எனக்கு வாந்தி வருவதுபோல இருந்தது, உடம்பு உதறியது. கொஞ்ச நேரத்தில் "சரி, சரி" என்று குரல்கள் தணிந்தன. தைத்து வார்ட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. மாதம் நிறைந்த கருப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்கள் எல்லாம் திறந்தபடி நிற்கும். அவற்றை மூடுவது தையல் இல்லை, கருப்பையின் தசை. அது சுருங்கிக் கிரிக்கெட் பந்துபோல இறுகினால் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். நீண்ட நேரம் வலித்துக் களைத்த கருப்பை அப்படி இறுகாமல் தொளதொளவென்று கிடக்கும். பிரசவத்தில் அதிக ரத்தம் போவதற்கு முதல் காரணம் இதுதான், பத்துக்கு ஏழு பேரிடம் இதுவே. மற்றவை நஞ்சின் துண்டு உள்ளே தங்குவது, வெட்டிய இடமோ உள்ளே ஒரு குழாயோ கிழிந்து கசிவது, ரத்தம் உறையும் தன்மை கெடுவது. இரட்டைப் பிள்ளை, பெரிய பிள்ளை, நீர் அதிகமான வயிறு, பல பிள்ளை பெற்ற வயிறு என்றாலும் கருப்பை சோர்ந்துபோகும். உங்களுக்கு இவற்றில் ஒன்று இருந்தால் கிளினிக்கிலேயே பேசிவையுங்கள்.

ஒப்பரேஷன் என்றால் ரத்தம் போகத்தான் செய்யும். சாதாரணப் பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல், சீசரில் 1,000 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று காலங்காலமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்மேல் பொருத்தக் கூடாது. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 100 மில்லி ரத்தம் இருக்கும். 70 கிலோ இருக்கிற ஒருத்திக்கு ஏழு லீற்றர். மலையில் கொழுந்தெடுத்து மெலிந்து, மாதம் நிறைந்தும் 45 கிலோவைத் தாண்டாதவளுக்கு நாலரை லீற்றர்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு லீற்றர் போகட்டும், ஒருத்தி ஏழில் ஒரு பங்கை இழக்கிறாள், மற்றவள் நாலரையில் ஒரு பங்கை. அந்த நாலரை லீற்றரிலும் சத்துக் குறைவு என்றால் எங்கே போய் நிற்பது? தியேட்டருக்குள் போகும்போது என் எச்பி, அதாவது ரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் அளவு, 9.6. வெளியே வந்த பிறகு எடுத்தபோது 6.9. பதினொன்றோடு உள்ளே போனவள் இதே 1,400 மில்லியை இழந்திருந்தால் அவள் கதை வேறு.

இனி வார்ட்டில் நடந்தது. லயத்துப் பெண்கள் என்னிடம் வந்தால் மற்றதை விட்டாலும் இதை விடாமல் சொல்வேன்.

சாயந்தரம். வெளியே மூடுபனி, ஜன்னல் இடுக்கால் காத்து. எனக்குக் கை கால் சில்லிட்டு நடுக்கம். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு நின்ற ஒரு அம்மா தன் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டு, "குளிருதாம்மா, இந்த ஊரு அப்படித்தான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மருந்து தள்ள வந்த ஒருவரிடம் நடுங்குகிறது என்றேன், முதுகு ஊசிக்கு அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் பொய்யில்லை, முதுகு ஊசிக்கு நடுக்கம் வரும். மலைநாட்டில் இதுதான் சிக்கல். ரத்தம் குறைந்தால் உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. கை சில்லிடும், தோல் வெளிறும், குளிர் வியர்வை வரும். கொழும்பு வெயிலில் ஒருத்தி கை சில்லிட்டால் எவரும் திரும்பிப் பார்ப்பார்கள். நுவரெலியா மாவட்டத்தில் டிசம்பர் மாதம் யார் பார்ப்பார்கள்? கம்பளி போர்த்துவது நல்லதுதான், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் மந்தமாகும். போர்த்திவிட்டு அத்தோடு விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

என்னைக் காப்பாற்றியது இரவு டியூட்டிக்கு வந்த ஒரு நேர்ஸ். என் பேட்டைப் பார்த்தார், பெரிதாக நனைந்திருக்கவில்லை. ஆனாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பல்ஸ் 124. பிரஷர் 105க்கு 70. பிரஷரை மட்டும் பார்த்திருந்தால் மோசமில்லை என்று கடந்துபோயிருக்கலாம். அவர் கையைத் தொப்புளருகே வைத்து அழுத்தினார். தையலுக்கு மேலே அந்த அழுத்து, உயிர் போய் வந்தது. கீழே கட்டி கட்டியாகக் கொட்டியது. கருப்பை மறுபடி சோர்ந்து, ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கிறது.

மாதமாக இருக்கிற பெண்ணின் உடம்பில் வழக்கத்தை விட 40, 50 சதவீதம் ரத்தம் கூடியிருப்பதால் ஒரு லீற்றர் போகிற வரைக்கும் பிரஷர் இறங்காமல் சமாளிக்கும். பிரஷர் விழுகிற நேரத்தில் காரியம் முற்றியிருக்கும். அதற்கு முன்னாலேயே ஏறுவது பல்ஸ். துணைக்கு நிற்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள ஒரு எளிய கணக்கு உண்டு: பல்ஸின் எண் பிரஷரின் மேல் எண்ணை எட்டிவிட்டாலோ தாண்டினாலோ உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். பிள்ளை பெற்ற அன்று பல்ஸ் நூறுக்கு மேல் நின்றுகொண்டே இருந்தாலும் கேட்க வேண்டும். கட்டில் காலடியில் தொங்குகிற சார்ட்டில் இரண்டும் எழுதியிருக்கும். எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

சீசரில் இன்னொன்றும் இருக்கிறது. ரத்தம் கீழே வராமல் வயிற்றுக்குள்ளேயே கசியலாம். பேட் சுத்தமாக இருக்கும், ஆள் வெளிறிக்கொண்டே போவாள். வயிறு உப்பி இறுகுவது, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, குழாயில் மாட்டியிருக்கிற மூத்திரப் பையில் சிறுநீர் குறைந்துபோவது, மூச்சு வாங்குவது, காரணம் சொல்லத் தெரியாத ஒரு பயம், இவையெல்லாம் அதற்கு அடையாளம். "ரத்தம்தான் போகலியே" என்று பேட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்றிரவு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பார்த்தால் பயப்படாமல் இருக்க உதவும். வயிற்றைத் தொடர்ந்து தேய்த்தார்கள். ஒக்ஸிடோசின் கலந்த சேலைனை வேகமாக விட்டார்கள், வேறு ஊசிகளும் போட்டார்கள். அதில் ஒன்று டிரனெக்ஸாமிக் அசிட், உறைந்த ரத்தம் கரையாமல் பிடித்துவைக்கிற மருந்து. இருபதாயிரம் பெண்களிடம் செய்த பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்த பிறகுதான் அதைப் பிரசவ வார்ட்டுகளில் எங்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிரசவமாகி மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. அதனால்தான் "காலையில டொக்டர் வரட்டும், சொல்லலாம்" என்று காத்திருக்கக் கூடாது என்கிறேன். எனக்கு ரத்தமும் இரண்டு பை ஏற்றினார்கள். ஒரு பை எச்பியை ஏறக்குறைய ஒன்று கூட்டும். ஏற்றும்போது அரிப்பு, குளிர் நடுக்கம், முதுகு வலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். இவற்றுக்கும் நிற்காவிட்டால் கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்துவது, கருப்பையைச் சுற்றித் தையல் போட்டு இறுக்குவது, கடைசியாகக் கருப்பையையே எடுப்பது என்று போகும். எனக்கு அந்தளவுக்குப் போகவில்லை.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பெண்கள் வார்ட்டில் வாயைத் திறப்பதில்லை. பாதி பயம், பாதி பாஷை. எதிரே நிற்கிறவருக்குத் தமிழ் தெரியாது, நமக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு. "மிஸ்" என்று கூப்பிட்டு, அவர் திரும்பியதும் சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டவர்களை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு வசனமாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். "லே கொடாக் யனவா" என்றால் ரத்தம் நிறையப் போகிறது. "ஒளுவ கெரகெனவா" என்றால் தலை சுற்றுகிறது. சொல்லிவிட்டுப் பேட்டைக் காட்டுங்கள். வெட்கப்பட அது இடமில்லை. அவர்களில் பெரும்பாலானோர் மனம் நல்லது, வேலைதான் மூச்சு முட்டுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குவது வேறு வகைச் சண்டை. எங்கள் அத்தை தங்கமானவர். காயம் (பிரசவ மருந்து) இடித்துக் கொடுத்தார், பூண்டு வதக்கிக் கொடுத்தார், எதற்கும் குறை வைக்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டால் தரமாட்டார், வயிறு உப்பிவிடுமாம். ரத்தம் இழந்து பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் எப்படி? என் வீட்டுக்காரர் ஒரு பெரிய போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு மலைக்குப் போவார். அத்தைக்கும் அது தெரியும், தெரியாததுபோல இருந்துகொண்டார். அப்படித்தான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது.

தண்ணீரை விட ஆபத்தானது "கெட்ட ரத்தம்" என்ற நினைப்பு. எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்லது, பத்து மாசத்து அழுக்கு கழியட்டும் என்பார்கள். கருப்பைக்குள் பத்து மாதம் சேர்ந்த அழுக்கு என்று ஒன்று கிடையாது. போவது உடம்பில் ஓடுகிற அதே ரத்தமும் கருப்பையின் உள்தோலும்தான். மேல் லயத்து அக்கா ஒருவர் இந்த நினைப்பால் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்து இரண்டாவது வாரம், நின்றுபோயிருந்த சிவப்பு ரத்தம் திரும்ப ஆரம்பித்தது, வாடையும் இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் கழியட்டும் என்றார்கள். காய்ச்சலும் சேர்ந்து அவர் எழும்பி நிற்க முடியாமல் விழுந்த பிறகுதான் அம்புலன்ஸ் நம்பரான 1990க்கு அடித்தார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான், சீக்கிரமும் வந்தது. ஆனால் கீழ் ரோட்டு வரைக்கும்தான் வர முடியும். மழையில் வழுக்குகிற படிக்கட்டால் அவரைக் கம்பளியில் வைத்து நாலு பேர் இறக்கினார்கள். நஞ்சின் துண்டு ஒன்று உள்ளே தங்கிக் கிருமி பிடித்திருந்தது. சுத்தம் செய்து, மருந்து ஏற்றி, ரத்தமும் ஏற்றி அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

சீசர் செய்தவர்களுக்கு இது வராது, டொக்டர் கையாலேயே நஞ்சை எடுத்துவிடுகிறாரே என்று சிலர் நினைக்கிறார்கள். குறைவுதான், வராது என்றில்லை. கருப்பைக்குள் கிருமி பிடிப்பது சீசருக்குப் பிறகு இன்னும் கூடத்தான். முதல் நாள் தாண்டிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஆறு வாரம், அபூர்வமாகப் பன்னிரண்டு வாரம் வரைக்கும்கூட இப்படிப் போகலாம்.

எது சாதாரணம்? முதல் மூன்று நாலு நாள் மாதவிடாய்போலச் சிவப்பு. பிறகு ரோஸ் கலந்த மண்ணிறம், அதற்குப் பிறகு மஞ்சளும் வெள்ளையுமாகக் குறைந்து நாலு முதல் ஆறு வாரத்தில் நின்றுவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துக் கொஞ்சம் கூடப் போகும். பிள்ளை உறிஞ்சும்போது ஒக்ஸிடோசின் ஊறிக் கருப்பை சுருங்குவதால் வருவது அது, நல்லதுதான். படுத்து எழும்பும்போது தேங்கியது கொஞ்சம் வரும், அதுவும் பரவாயில்லை. ஒரு பேட் ஒரு மணித்தியாலத்துக்குள் முழுக்க நனைந்தால், அடுத்ததும் அப்படியே நனைந்தால், நாட்டு எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி விழுந்தால், குறைந்த ரத்தம் மறுபடி சிவந்தால், வாடை, காய்ச்சல், கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பது இருந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். துணி கட்டுகிறவர்களுக்கு இந்த அளவு பிடிபடாது. முதல் இரண்டு வாரமாவது பேட் வைத்தால் கணக்குத் தெரியும். நனைந்ததை உடனே வீசாமல் மிட்வைஃபுக்கோ டொக்டருக்கோ காட்டுங்கள். கண்ணால் பார்த்து ரத்தத்தை மதிப்பிட்டால் பழகியவர்களே குறைத்துத்தான் சொல்வார்கள். தியேட்டரில் நனைந்த துணியைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது அதனால்தான், ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி.

மூத்திரத்தை அடக்காதீர்கள். லயத்தில் கக்கூஸ் வெளியே, ராத்திரிக் குளிர், தையல் வலி, எல்லாம் சேர்ந்து அடக்கிக்கொண்டு படுக்கத்தான் தோன்றும். நிறைந்த மூத்திரப்பை கருப்பையைத் தள்ளிச் சுருங்கவிடாமல் செய்யும். உள்ளேயே ஒரு வாளி வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும். அம்மா வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அந்தத் தோட்டத்து மிட்வைஃபுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் பெண்கள் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான்.

இப்போது தேத்தண்ணிக்கு வருகிறேன். தேயிலையால் சாப்பிடுகிற ஊரில் இதை எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கிற இரும்புச் சத்தில் பாதிக்கும் மேல் உடம்பில் சேராமல் போய்விடும். காலையில் ரொட்டியும் பிளேன்டீயும், மத்தியானம் மலையில் ரொட்டியும் போத்தல் தேத்தண்ணியும் என்றால் சேருவது எவ்வளவு? கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்குகிறவர்களும் உண்டு. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அது நடக்காது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். குளிசையை அதே கிளினிக்கில் தருகிற விற்றமின் சியோடு, இல்லாவிட்டால் தேசிக்காய்த் தண்ணியோடு, ராத்திரி படுக்கப் போகும்போது போடலாம். கல்சியம் குளிசையை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள், இரண்டும் ஒன்றாகப் போனால் இரும்பு தோற்கும். மலம் கறுப்பாகப் போவது குளிசையின் நிறம்தான், பயந்து நிறுத்த வேண்டாம். வயிறு பிரட்டினால் மிட்வைஃபிடம் சொன்னால் வேறு வகை தருவார்கள். குளிசையால் ஏறாதவர்களுக்கு நரம்பால் ஏற்றுகிற இரும்பு மருந்தும் இருக்கிறது. ஏழாம் மாதத்துக்குள் கேட்டால்தான் பிரசவத்துக்கு முன் ஏற நேரம் கிடைக்கும். புழுக் குளிசை தந்தால் அதையும் போடுங்கள், கொக்கிப்புழு குடிக்கிற ரத்தமும் ரத்தம்தான். பணம் இருக்கிற கிழமையில் ஈரல், நெத்தலி, முட்டை. இல்லாத கிழமையில் கீரை, பயறு, கிளினிக்கில் தருகிற சத்துமாவான திரிபோஷ. திரிபோஷ தாய்க்கென்று தருவது. வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பிசைந்து கொடுத்துவிட்டு வெறும் பையை மடித்து வைப்பது நம் வழக்கம், தெரியும்.

எச்பி 11க்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்பது பொதுவான அளவு. உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த அளவே போதாது. காற்றில் ஒட்சிசன் குறைவதால் மேட்டுநில மனிதர்களுக்கு இயல்பாகவே எச்பி கொஞ்சம் கூட இருக்க வேண்டும். 1,500 மீற்றரில் இருக்கிறவர்களுக்கு அரைக் கிராமுக்குக் குறையாமல் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். ஆகவே அங்கே ஒருத்தி 11.1 என்று வாங்கிக்கொண்டு சந்தோசமாக வந்தால், நான் அவளை இன்னும் கொஞ்சம் ஈரல் சாப்பிடச் சொல்வேன்.

ரத்தம் இழந்த பிறகு உடம்பு தேறுவதற்கு நினைப்பதை விட நாளாகும். படி ஏறினால் மூச்சு வாங்கியது, தலைமயிர் கொட்டியது, காரணமில்லாமல் அழுகை வந்தது. எல்லாம் தூக்கமில்லாததால் என்றார்கள். எச்பி இன்னும் 9ஐத் தாண்டவில்லை என்று பரிசோதித்த பிறகுதான் தெரிந்தது. எச்பி சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் குளிசையைத் தொடர வேண்டும், கையிருப்பு நிரம்ப அவ்வளவு காலம் எடுக்கும். பிரசவ லீவு 84 நாள். முடிந்ததும் கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறவர்கள், அதற்கு முன் ஒரு தடவை எச்பி பார்த்துவிட்டுப் போங்கள். பால் தாமதமாக ஊறியது எனக்கு. அதிக ரத்தம் இழந்தவர்களுக்கு அப்படி ஆகும், பிள்ளையை வைத்துக்கொண்டே இருந்தால் வரும். பால் அறவே ஊறாமல், மாதங்கள் கழிந்தும் மாதவிடாயும் திரும்பாமல், எப்போதும் சோர்வும் குளிரும் என்றிருந்தால் டொக்டரிடம் "பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடும் ரத்த இழப்பில் மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி பட்டுப்போவது உண்டு. ஷீஹன் என்ற வைத்தியர் 1937இல் விவரித்த நோய் அது. அபூர்வம்தான், ஆனால் வருடக்கணக்கில் கண்டுபிடிக்காமல் விடுபட்டுப்போகிற வகை.

இரண்டாவது பிள்ளைக்கு மூன்று வருடம் இடைவெளி விட்டோம். முதல் கிளினிக்கிலேயே பழைய டயக்னோசிஸ் கார்டைக் காட்டினேன். மிட்வைஃப் அந்த 1,400ஐச் சிவப்புப் பேனையால் என் கிளினிக் கார்டின் மேலேயே எழுதினார். டொக்டர் ஸ்கேனில் முக்கியமாகப் பார்த்தது நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை. ஒருமுறை சீசர் செய்த வயிற்றில் நஞ்சு கீழே, கருப்பை வாயை மறைத்தபடி இருந்தால், பழைய தழும்புக்குள் அது வேர்விட்டுப் பிரியாமல் போகிற வாய்ப்பு ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு. இரண்டு சீசர் ஆனவர்களுக்கு நூறில் நாற்பது. அப்படியானவர்களைக் கண்டி, பேராதனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் தூரம், செலவு என்று மறுக்காதீர்கள். எனக்கு மேலேதான் ஒட்டியிருந்தது. எச்பி 11.8. தேதி குறித்து, இரத்த வங்கி இருக்கிற ஆஸ்பத்திரியில், என் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்த இரண்டு பை தயாராக வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். இழப்பு 600. பைகளைத் தொடவே இல்லை.

ரத்தம் ஏற்றினால் வீட்டார் பதிலுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், காசு கட்ட வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் அப்படியொன்றும் இல்லை. இலங்கையில் ரத்தம் தானமாக வருகிறவர்களிடமிருந்து சேர்ப்பது, நோயாளிக்கு இலவசம். ஆனால் 18க்கும் 60க்கும் இடைப்பட்ட, 50 கிலோவுக்கு மேற்பட்ட, நோய்நொடி இல்லாத ஆம்பிளைகள் லயத்துக்கு எத்தனை பேர்! நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வெசாக் காலத்துக்கு டவுனில் முகாம் போடும்போது என் வீட்டுக்காரர் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போவார். முதலில் ஊசிக்குப் பயந்தவர் என் தம்பி, இப்போது அவன்தான் ஆள் சேர்க்கிறான்.

டயக்னோசிஸ் கார்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது நல்லது. போனில் ஒரு படமும் எடுத்து, பிரசவத்துக்குத் துணைக்கு வரப்போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். ரத்த வகை, ஆர்எச் நெகட்டிவா, எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை பை ஏற்றினார்கள், இந்த நாலும் அதில் இருக்கிறதா என்று வீட்டுக்கு விடுகிற அன்றே பார்த்து, இல்லையென்றால் கட்டிலை விட்டு இறங்குமுன் எழுதி வாங்குங்கள். நெகட்டிவ் தாய்க்குப் பொசிட்டிவ் பிள்ளை என்றால் அன்டி-டி ஊசி (அடுத்த பிள்ளையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு தாக்காமல் தடுப்பது) 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். போட்டார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.